எதோடு ஒப்பிட்டார்கள்?

மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்று குளியல் பொடிக்குச் சாமான் கேட்டுப் பாருங்கள். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் என்று காகிதத்தில் விழும் வரிசையில், கறுத்துச் சுருங்கிய ஒரு சிறு விதையும் விழும். அதன் பெயர் கார்போகரிசி. பெயரில் அரிசி இருந்தாலும் அது பயறு இனத்துச் செடி ஒன்றின் விதை. எத்தனையோ வீடுகளில் அதன் வாசனைதான் வெள்ளிக்கிழமைக் குளியலின் வாசனை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் பாண்டி பஜார். குளிரூட்டிய அழகுப்பொருள் கடையில், விளக்கொளியில் நிற்கும் 30 மில்லி சீசாக்களில் ஒன்றில் 'பாகுச்சியால்' என்று எழுதியிருக்கும். சுருக்கம் குறையும், மங்கு மறையும், வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் போல எரிச்சல் தராது என்று அட்டையில் வாக்குறுதி இருக்கும். பாகுச்சியால் என்பது அதே கார்போகரிசி விதையிலிருந்து பிரித்தெடுக்கும் எண்ணெய்ப் பொருள். 1966-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் மேத்தா, நாயக், சுக்தேவ் ஆகியோர் அதைத் தனியாகப் பிரித்து, அதன் அமைப்பை வெளியிட்டார்கள். விதையின் வடமொழிப் பெயரான 'பாகுச்சி' பொருளின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு கடையிலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இது வேலை செய்யுமா?" இரண்டு இடத்திலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "நல்லா வேலை செய்யும்." இரண்டு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை, அவர்கள் நம்புவதைச் சொன்னார்கள். ஆனால் முகத்தில் பூசும் ஒரு பொருள் வேலை செய்கிறதா என்பதை அறிவது, நம்மில் பலர் நினைப்பதைவிடக் கடினமான காரியம். வேலை செய்கிறது என்றால், எதோடு ஒப்பிட்டுச் செய்கிறது? இந்தக் கட்டுரையில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளப் போவது அந்தக் கேள்வியைத்தான்.

பாகுச்சியாலிலிருந்தே தொடங்கலாம். இன்று அதன் பெயரில் வரும் விளம்பரம் பெரும்பாலும் ஒரே ஆய்வை நம்பி நிற்கிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 44 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்கு 0.5 சதவீத பாகுச்சியாலை நாளுக்கு இரு வேளையும், இன்னொரு பிரிவுக்கு 0.5 சதவீத ரெட்டினாலை ஒரு வேளையும் கொடுத்தது. 12 வாரம் கழித்து இரு பிரிவிலும் சுருக்கமும் நிறத்திட்டும் குறைந்திருந்தன. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு தெரியவில்லை. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் கூடுதலாக இருந்தன. முடிவுகள் 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்தன. யார் யாருக்கு எந்தக் க்ரீம் என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, மதிப்பிட்டவர்களுக்கும் அதை மறைத்தே நடத்தினார்கள். அந்த அளவில் நேர்மையான ஆய்வு.

ஆனால் அதில் மூன்றாவதாக ஒரு பிரிவு இல்லை. மருந்துச் சரக்கு எதுவும் சேராத வெறும் க்ரீமை மட்டும் பூசிக்கொண்ட பிரிவு இல்லை. அது இல்லாதபோது, 'இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டும் ஒரே அளவு வேலை செய்தன என்பது ஒன்று. இரண்டிலும் வேலை செய்தது சரக்கு அல்ல, அதைச் சுமந்து வந்த க்ரீம்தான் என்பது மற்றொன்று. 44 பேரைக் கொண்ட ஆய்வால் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. 'ரெட்டினாலுக்குச் சமம்' என்று சீசாவில் அச்சிடும்போது முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வெறும் க்ரீமுக்கு அவ்வளவு சக்தியா என்று கேட்கலாம். உண்டு. தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆன, ஒரு காகிதத்தைவிட மெல்லிய படலம். காய்ந்தால் சுருங்கும், ஈரம் ஏறினால் உப்பும். கண்ணோரத்து மெல்லிய கோடுகளில் பல, சுருக்கம் என்று நாம் கவலைப்படும் கோடுகளேகூட, ஈரம் குறைந்த படலத்தின் மடிப்புகள்தான். தண்ணீரும் எண்ணெயும் கலந்த எந்தக் க்ரீமைப் பூசினாலும் சில மணி நேரத்தில் அவை மங்கும். பாட்டிமார் மார்கழியில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு "முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்தத் தெளிவை விலை உயர்ந்த சரக்கின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

இதற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தில் கிடைத்தது. பூட்ஸ் என்ற கடைத்தொடர் விற்ற 'நம்பர் 7' வரிசையின் ஒரு சீரத்தைப் பற்றி 2007-இல் பிபிசியின் ஹொரைசன் நிகழ்ச்சி நல்ல வார்த்தை சொன்னது. கடைகளில் சீரம் தீர்ந்துபோனது. பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 60 பேரை வைத்து முறையாகச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் சீரம் பூசியவர்களில் 43 சதவீதத்தினருக்கு முகச்சுருக்கம் குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. வெறும் க்ரீம் பூசியவர்களிலோ 22 சதவீதத்தினருக்குக் குறைந்திருந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் சரக்கே இல்லாமல் முன்னேறியிருக்கிறார்கள்! 60 பேரில் இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்று கணக்கு சொன்னது. அந்த ஆய்வாளர்கள் வெற்றுக் க்ரீம் பிரிவை வைத்தார்கள், அதன் எண்ணையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அந்தப் பிரிவு இல்லாமல் '43 சதவீதம்' மட்டும் விளம்பரப் பலகையில் ஏறியிருந்தால் நாம் என்ன நினைத்திருப்போம்?

பாண்டி பஜாரின் அட்டைகளில் இன்று நாம் படிப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை எண்ணைத்தான். '10 பெண்களில் 9 பேர் இளமையாக உணர்ந்தனர்' என்று பெரிதாக இருக்கும். கீழே நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'பயன்படுத்தியவர்களின் சுயமதிப்பீடு' என்று இருக்கும். நான்கு வாரம் இலவசமாகக் க்ரீம் கொடுத்து, முடிவில் படிவம் நீட்டி "எப்படி இருக்கிறது?" என்று கேட்ட கணக்கு அது. ஒப்பிட ஆள் இல்லை, மறைப்பு இல்லை. சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சித்திரையில் தொடங்கிய சோதனையை ஆடி கடந்து முடித்தால், கத்திரி வெயில் தணிந்ததே முகத்தைத் தெளியவைத்திருக்கும். பருவம் செய்த வேலைக்கும் க்ரீம் பெயர் வாங்கும்.

அட்டைகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் கொலாஜன். 'கொலாஜனைக் கூட்டும்' என்பார்கள். 'கொலாஜன் க்ரீம்' என்றே பெயர் வைப்பார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிண்டியின் நினைவு வரும். தோலுக்கு உறுதி தரும் அந்தப் புரதம் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது இந்த ஊரிலிருந்துதான்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்து இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு வயது ஏறக்குறைய முப்பதுதான். சென்னை வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே, அடையாறில், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. செருப்புக்கும் பைக்கும் மாட்டுத்தோலைப் பதப்படுத்துவது பற்றி ஆராயும் நிலையம் அது; கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த தூய கொலாஜன் அங்கே கிடைத்தது. எக்ஸ்-கதிர் படங்களை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் தங்கள் அமைப்பை வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். சிறியது என்பதால்தான் முறுக்கின் உள்பக்கத்தில் அது அடங்குகிறது. அடையாறில் அந்த நிலையத்தின் அரங்குக்கு இன்றும் 'ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றுதான் பெயர்.

அந்தக் கயிற்றின் அளவு தெரிந்துவிட்டால், கொலாஜன் க்ரீமைப் பற்றி அட்டை சொல்லாத ஒன்றும் தெரிந்துவிடும். ஒரு கொலாஜன் மூலக்கூற்றின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். நல்ல நிலையில் உள்ள தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக, ஒரு பொருள் ஏறக்குறைய 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற இருவர் தொகுத்துச் சொன்ன நடைமுறை விதி. மேலே பூசும் கொலாஜன் மேலேயே நிற்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும், நல்ல மெருகு தரும். உள்ளே இருக்கும் கயிற்றுக்கு ஒரு இழையைக்கூட அது சேர்க்காது.

வெளியிலிருந்து கொடுக்க முடியாது என்றால், உள்ளே இருப்பதைக் காப்பாற்றலாம், அல்லது செல்களைத் தூண்டிப் புதிதாகச் செய்யவைக்கலாம். இந்த இரண்டில் ஒவ்வொன்றுக்கும், என் மதிப்பீட்டில், ஒரே ஒரு பொருள்தான் கடுமையான சோதனையைத் தாண்டி நிற்கிறது.

தூண்டும் பொருள் ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ-யின் அமில வடிவம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் அதை முகப்பருவுக்கு மருந்தாக்கினார். பரு போக அதைப் பூசிக்கொண்ட நடுவயதுப் பெண்கள் சுருக்கமும் குறைகிறது என்று சொன்னதைக் கேட்டு, 1986-இல் அவர் குழு அதையும் எழுதியது. கிளிக்மனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் உடம்பில் அவர் நடத்திய சோதனைகள் மருத்துவ வரலாற்றின் வெட்கக்கேடுகளில் ஒன்று. 2021-இல் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. மேற்பூச்சு மருந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கைதிகளையும் நினைக்க வேண்டும்.

சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின் உதவுமா என்பதை வெற்றுக் க்ரீமோடு ஒப்பிட்டு முதலில் உரக்கச் சொன்னது மிச்சிகன் பல்கலைக்கழகம். 1988-இல் வந்த ஆய்வில், 16 வாரத்தை முடித்த 30 பேருக்கும் ஒரு முன்கையில் ட்ரெட்டினாயின், மறு முன்கையில் வெறும் க்ரீம். முகத்துக்கு ட்ரெட்டினாயின் பூசிய 15 பேரில் 14 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெற்றுக் க்ரீம் பூசிய முகங்களில் ஒன்றுக்கும் இல்லை. ஆனால் அதே ஆய்வில் 92 சதவீதத்தினருக்குத் தோல் சிவந்து அழற்சி கண்டது. இங்கே கூர்ந்து படிக்கும் வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: எந்தக் கை சிவந்ததோ அந்தக் கையில்தான் மருந்து என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, பிறகு எங்கே மறைப்பு? மேலும், லேசான வீக்கமே சுருக்கத்தை உப்பவைத்து மறைத்திருக்கலாம் அல்லவா?

அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் 1993-இல் வந்தது. அதே குழு 29 பேருக்கு 10 முதல் 12 மாதம் வரை மருந்தோ வெற்றுக் க்ரீமோ பூசி, தோலில் சிறு துணுக்கை வெட்டியெடுத்துப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியும் சுருக்கத்தை விட்டுவிட்டு, புதிதாக உருவாகும் கொலாஜனை எண்ணியது. வெயிலால் கெட்ட தோலில் அந்த உருவாக்கம், வெயில் படாத தோலைவிட 56 சதவீதம் குறைந்திருந்தது. ட்ரெட்டினாயின் பூசிய இடத்தில் அது 80 சதவீதம் ஏறியது. வெற்றுக் க்ரீம் பூசிய இடத்தில் 14 சதவீதம் இறங்கியது. ராமச்சந்திரன் கிண்டியில் வரைந்த அதே முக்கயிறு, மருந்தின் தூண்டலில் மீண்டும் முறுக்கப்படுவதைப் பார்த்த முதல் தெளிவான சான்று என்று இதைச் சொல்லலாம்.

இன்னொரு நல்ல செய்தியும் 1995-இல் வந்தது. 0.1 சதவீத ட்ரெட்டினாயினையும் நான்கில் ஒரு பங்கு வலுவுள்ள 0.025 சதவீதத்தையும் 48 வாரம் வெற்றுக் க்ரீமோடு ஒப்பிட்டபோது, பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவும், எரிச்சல் மட்டும் வலுவானதில் சுமார் மூன்று மடங்காகவும் இருந்தது. குறைந்த வலு போதும் என்பது நம் தோலுக்கு மிக முக்கியம். கருமையான தோலில் அழற்சி ஆறினால் வடு நிறமாக நிற்கும். சுருக்கத்துக்கு வைத்தியம் செய்யப்போய் மங்கு வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ட்ரெட்டினாயின் மருத்துவர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டிய மருந்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் அதன் தூரத்து உறவு. தோலுக்குள் இரண்டு படி மாறிய பிறகே அமில வடிவத்தை அடையும். அதனால் வலுவும் குறைவு, சான்றும் குறைவு.

காப்பாற்றும் பொருள் சன்ஸ்கிரீன். இதற்கான சான்று ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில் கிடைத்தது. 1992 முதல் 1996 வரை, 55 வயதுக்கு உட்பட்ட 903 பேர். ஒரு பிரிவு தினமும் பூச வேண்டும்; மறு பிரிவு தோன்றியபோது பூசலாம். நாலரை ஆண்டு முடிவில், தினமும் பூசியவர்களின் தோலில் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. அளந்தது முகத்தில் அல்ல, புறங்கையில். சிலிக்கோன் அச்சு எடுத்துத் தோலின் வரிகளைப் பார்த்தார்கள். இத்தனை பேரை, இத்தனை காலம் பின்தொடர்ந்த வேறு மேற்பூச்சுச் சோதனையை நான் அறியேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்பூரிலும் மிச்சிகனிலும் சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். அவர்களுக்கு மூப்பு என்றால் முதலில் சுருக்கம். மயிலாப்பூரில் ஐம்பது வயதைக் கேளுங்கள், யாரும் முதலில் சுருக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். கன்னத்தில் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருவளையம், நெற்றி ஓரத்தில் கருமை, கழுத்தில் சிறு மருக்கள் என்றுதான் சொல்வார்கள். நம் தோலில் நிறம்தான் முதலில் கண்ணில் படும்படி மாறுகிறது. சுருக்கம் பல ஆண்டு பின்னால் வருகிறது. மெலனின் தந்த காப்பு அது. அப்படியானால் சுருக்கத்தை அளந்த சோதனை, நாம் கேட்கும் கேள்விக்கு முழுப் பதில் அல்ல.

சன்ஸ்கிரீன் அட்டையில் உள்ள எஸ்.பி.எஃப் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பின்பற்றும் அளவீட்டு முறையில், சோதனைக்கு வருகிறவரின் முதுகில் சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசி, புற ஊதா ஒளி காட்டி, எப்போது சிவக்கிறது என்று பார்க்கிறார்கள். சிவப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வெளிர் நிறத்தவரை மட்டுமே எடுக்கிறார்கள். கருத்த தோலர் அந்தச் சோதனைக்குத் தகுதியே பெறுவதில்லை. மேலும் நாம் பூசுவது அந்த 2 மில்லிகிராமில் பாதியோ அதற்கும் குறைவோதான். நம் தோலின் பிரச்சினை சிவப்பதும் அல்ல, கறுப்பது. 2010-இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் நடந்த ஆய்வு, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே கருமையான தோலில் நீடித்த கருமையை உண்டாக்குகிறது, வெளிர் தோலில் உண்டாக்குவதில்லை என்று காட்டியது. புற ஊதாவை மட்டும் தடுக்கும் நிறமற்ற சன்ஸ்கிரீன் இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயல் கொண்ட பூச்சு தடுக்கிறது. மங்கு உள்ளவர்களுக்கு இந்த ஒரு தகவல், விலை உயர்ந்த பத்து சீரங்களைவிடப் பயன்படும்.

வெயில் என்ன செய்கிறது என்பதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. அடையாறு சிக்னலில் நிற்கும் கால்டாக்ஸி ஓட்டுநரின் வலது முன்கையையும் இடது முன்கையையும் பாருங்கள். நம் வண்டிகளில் ஓட்டுநரின் ஜன்னல் வலப்பக்கம். வலக்கை கருத்து, தடித்து, வரி ஓடியிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் புற ஊதாவின் நீண்ட அலைகள் அதைக் கடந்து வரும். அல்லது உங்கள் மேற்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முகத்துக்கும் அதற்கும் ஒரே வயது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு வெயில் எழுதியது.

முகத்தைப் பற்றி எழுதும்போது சென்னையின் மெடிக்கல் ஷாப்புகளைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. மேற்பூச்சால் முகத்துக்கு நேரும் மிகப் பெரிய கேடு அங்கேதான் தொடங்குகிறது. 1975-இல் அதே கிளிக்மன், மங்குக்கு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து ஒரு கலவை செய்தார். குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பூசினால் அது நல்ல மருந்து. அதன் மாற்றுவடிவம் இந்தியாவில் சின்னக் குழாயில் வந்தபோது, 'முகம் வெளுக்கும் க்ரீம்' என்று தோழிக்குத் தோழி, அக்காவுக்குத் தங்கை சொல்லிப் பரவியது. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அதனால்தான் விட மனம் வராது. ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியை அடக்குகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் கோடாகத் தெரிந்து, மெல்லிய முடி முளைத்து, நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். இளமைக்கென்று பூசிய க்ரீம் முகத்துக்கு வயதைக் கூட்டிவிடுகிறது. 2011-இல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் வந்த பல மைய ஆய்வு, முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது 14.8 சதவீதத்தினர், ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்ததைக் கண்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் மருத்துவரே அல்லர். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தது நல்லது. சீட்டில்லாமல் அவை கைமாறுவதை நான் இன்னும் பார்க்கிறேன்.

அழகுப்பொருளுக்கோ அந்தக் கட்டுப்பாடும் இல்லை. நம் சட்டப்படி அது மருந்து அல்ல. விற்பனைக்கு வருமுன் பாதுகாப்புக்கான விதிகளை நிறைவு செய்ய வேண்டும், ஆனால் பலன் தருகிறது என்று சோதித்து நிரூபித்த பிறகே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொய்யான வாக்குறுதி கூடாது என்று விதி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் பொய் என்று காட்டும் சுமை நடைமுறையில் பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது. என் கருத்தில் இது தலைகீழ்.

நாட்டு மருந்துக் கடைக்கும் ஒரு வார்த்தை. கார்போகரிசியில் பாகுச்சியால் மட்டும் இல்லை. சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் ஒட்டி, வெயில் பட்டால் தீவிரமாக வேலை செய்யும். வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்ன நம் முன்னோர் இந்தக் குணத்தை அறிந்தே பயன்படுத்தினார்கள். ஆகவே 'பாகுச்சியால் நல்லதாம்' என்று கேள்விப்பட்டு, விதையை அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் கடைக்குப் போனால், முகம் வெந்து கறுக்கலாம். தூய்மைப்படுத்திய பொருளைச் சோதித்த ஆய்வு, விதைக்குச் சான்றாகாது. மரபும் சரி, சீசாவும் சரி, தனித்தனியே தம் சோதனையைத் தாண்ட வேண்டும்.

அந்தச் சோதனையை இங்கேயே செய்ய முடியாதா? நியாயமான சோதனை எப்படி நடத்துவது என்பதை உலகுக்குக் காட்டிய நகரங்களில் சென்னையும் ஒன்று. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. நல்ல சாப்பாடும் படுக்கை ஓய்வும் இல்லாத வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 1959-இல் வந்த அந்த முடிவால் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில், வெற்று ஊசிப் பிரிவையும் வைத்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பி.சி.ஜி தடுப்பூசியைச் சோதித்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையை மறைக்காமல் சொன்னார்கள். உயிர் காக்கும் காரியத்தில் இவ்வளவு கண்டிப்பு காட்டிய ஊர், தினமும் லட்சம் பேர் முகத்தில் பூசும் பொருளில் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. நாற்பது வயதைத் தாண்டிய நூற்றைம்பது, இருநூறு பேர், நம் நிறத்தவர். முகத்தின் ஒரு பாதியில் சரக்கு சேர்ந்த க்ரீம், மறுபாதியில் அதே நிறம், அதே மணம், அதே பதத்தில் வெற்றுக் க்ரீம். எந்தப் பாதிக்கு எது என்பதைக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். ஓட்டுநர்களின் வலக் கன்னத்துக்கு வெயில் கூடுதல் என்பதால் இது அவசியம். இரண்டு பாதிக்கும் ஒரே சித்திரை, ஒரே ஐப்பசி மழை, ஒரே சாப்பாடு. பருவத்தின் மாயம் தானாக அடிபட்டுப் போகும். ஒரு முழு ஆண்டு. சுருக்கத்தை மட்டும் அல்லாமல் மங்கு, கருவளையம் இரண்டையும் கருவி வைத்து அளக்க வேண்டும். எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தொடங்குமுன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். தோற்றாலும் வெளியிட வேண்டும். பணத்தைக் கம்பெனி தரலாம். கணக்கைக் கம்பெனி பார்க்கக் கூடாது.

நம் மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைகளுக்கும், அடையாறு நிலையத்துக்கும், சித்த மருத்துவ ஆய்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது. முதல் பொருளாகப் பாகுச்சியாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை நம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதன் வேதி அமைப்பைப் புனே கண்டது. அது தூண்டுவதாகச் சொல்லப்படும் கொலாஜனின் அமைப்பைக் கிண்டி கண்டது. வெற்றுக் க்ரீமோடு ஒப்பிட்டு, நம் தோலில், நம் வெயிலில் அதைச் சோதிக்கும் வேலை மட்டும் மீதி இருக்கிறது.